கனத்த ஒலியும் நம்மவரும்

மேனாட்டுச் சங்கீதத்துள் ‘மெட்டல்’ என்று பெயர்பெற்ற ஒரு வகை உண்டு. உலோகம் என்பது அதன் நேர்ப்பொருள். அதனுள் ‘ஸ்லட்ஜ்’, அதாவது சேறு, என வழங்கும் கிளையொன்று இருக்கிறது. அச்சேற்றோடு மனத்தை மயக்கும் ஒலிகளைக் குழைத்து வாசிப்போரும் உளர். இவற்றைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவாரை நோக்கி நம் பெரியோர் கேட்கும் முதற் கேள்வி, ‘இஃது இசையா, இரைச்சலா?’ என்பதே. கேள்வி புதியதன்று. நம் பாட்டன்மார் தோட்டத்து லயங்களில் தப்பும் உறுமியும் முழக்கிய காலத்திலும் பங்களாவாசியான துரைமகனும் சபாவாசியான சங்கீத ரசிகரும் இதனையேதான் கேட்டனர். ஒருவருக்கொருவர் முகம் பாராத இவ்விருவரும் இந்த ஒரு தீர்ப்பில் ஒன்றுபட்டது வேடிக்கையே.

இரைச்சல் என்று தள்ளப்பட்ட கனத்த ஒலி எவர் கையில் பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, அதில் தமிழர் கொண்ட பங்கு யாது என்பதை ஆராய்வதே நம் நோக்கம். தமிழருக்கும் இதற்கும் என்ன உறவு என்று வியப்போர் சிங்கப்பூரை நோக்குவாராக. 1992-ஆம் ஆண்டில் அங்கே தமிழ் இளைஞர் சிலர் கூடி ‘ருத்ரா’ என்னும் மெட்டல் குழுவைத் தொடங்கினர். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது அக்குழு. உலகெங்கும் மெட்டல் கேட்போர் அதனை அறிவர். மஸ்ஜித் தானாவிலும் அலோர் காஜாவிலும் உள்ள நம் தமிழ் வீடுகளில் அறிந்தோர் சிலரே. அக்குழுவின் ஒலியை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அவ்வொலி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காணுதல் நலம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் இரும்புக்கும் பித்தளைக்கும் பெயர்போன தொழிற்பட்டணம். அதன் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த டோனி அயோமி என்னும் இளைஞர் தகட்டு வேலை செய்யும் ஆலையொன்றில் கூலிக்கு இருந்தார். 1965-இல் அவருக்கு வயது 17. இசைக்குழு ஒன்றோடு வெளியூர் செல்வதென்று துணிந்து வேலையை விட்டார். அன்று கடைசி நாள். தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் வராமையால் அயோமியை அங்கே நிறுத்தினர். பழக்கமில்லாத இயந்திரம். வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளும் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். ஆதலின் கிதாரின் நரம்புகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கையே.

இனி வாசிக்க இயலாது என்றனர் மருத்துவர். அப்போது ஆலையின் மேலாளர் அவரைப் பார்க்க வந்து ஓர் இசைத்தட்டைப் போட்டுக் கேட்கச் செய்தார். அது ஜாங்கோ ரெயின்ஹார்ட் வாசித்தது. அவர் ரோமா நாடோடிக் குலத்தவர். 1928-இல் தம் கூண்டுவண்டி தீப்பற்றியதில் இடக்கையின் இரு விரல்கள் செயலற்றுப்போக, எஞ்சியவற்றைக் கொண்டே ஐரோப்பா வியக்க வாசித்தவர். அயோமிக்கு ஊக்கம் பிறந்தது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை வார்த்தார். பழைய தோற்சட்டையில் ஒரு துண்டை வெட்டி அதன்மேல் ஒட்டினார். தடித்த நரம்புகளை அழுத்தினால் வலித்தது. எனவே பாஞ்சோவுக்குரிய மெல்லிய நரம்புகளைக் கட்டிப் பார்த்தார். சில ஆண்டுகள் கழித்து நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையே கீழே இறக்கினார்.

பால்தகடு உருட்டும் இயந்திரத்தில் விரல் இழந்தவர்களை நம் தோட்டங்களின் பழையவர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்வர். அவர்களுக்கு இசைத்தட்டு கொண்டுபோன மேலாளர் எவரையும் நாம் கேள்விப்பட்டதில்லை. நிற்க.

அயோமியோடு சேர்ந்த மூவரும் அதே நகரத்து உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளே. பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் ஆடுமாடு அறுக்கும் கொட்டிலிலும், மோட்டார் வண்டிகளின் ஊதுகுழலுக்குச் சுருதி சேர்க்கும் ஆலையிலும் வேலை பார்த்தவர். பாஸ் கிதார் வாசித்த கீஸர் பட்லர் கணக்கர் வேலை பயின்றவர் என்பதில் எம்போன்ற தோட்டத்துக் கிராணிகளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. முரசம் பில் வார்ட். ‘பிளாக் சாபத்’ என்ற பெயரோடு இந்நால்வரும் 1970 பிப்ரவரி 13-ஆம் நாள் வெளியிட்ட முதல் இசைத்தட்டைப் பத்திரிகை விமரிசகர் பலர் எள்ளி நகையாடினர். ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளோ வாங்கிக் கேட்டனர். 1971-இல் வந்த மூன்றாம் இசைத்தட்டின் சில பாட்டுகளில்தான் அயோமி தம் கிதாரை மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்தார். பின்னர்த் தோன்றிய சேற்றிசைக்கு அந்தத் தட்டே தாய் எனலாம்.

சுருதியை இறக்குவதால் விளைவது என்ன? கிதாரின் தடித்த நரம்பு வழக்கமான சுருதியில் நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். மூன்று அரைச்சுரம் இறங்கினால் அஃது ஏறத்தாழ 69 ஆகும். நரம்பு தளர்ந்து துவள்வதால், அழுத்தி வளைக்கும்போது சுரம் ஒரே நிலையில் நில்லாது நெகிழ்ந்து ஏறி இறங்கும். இதனோடு ஒலிபெருக்கியை அது தாங்கும் அளவுக்கு மேல் முடுக்குவர். அவ்வாறு முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அந்த வெட்டிலிருந்து, நரம்பில் இல்லாத கிளையொலிகள் பல கிளம்பிக் கரகரப்பை உண்டாக்குகின்றன. கரகரப்பைக் குற்றம் என்பார், நம் தம்புராவின் மேருவில் நூலிழை செருகுவது எதற்கென்று எண்ணிப் பார்ப்பாராக. அங்கும் நரம்பை வேண்டுமென்றே இரையச் செய்துதான் கிளையொலிகளை எழுப்புகிறோம். சபையில் அதற்கு ஜீவன் என்று பெயர். ஆலைத் தொழிலாளி செய்தால் இரைச்சல் என்று பெயர்!

இனிச் சேற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மரம் வெட்டிப் பிழைக்கும் அபர்டீன் என்னும் ஊரை அடுத்த மாண்டிசானோவில் 1983-இல் ‘மெல்வின்ஸ்’ என்னும் குழு தோன்றியது. தாம் வேலை பார்த்த பலசரக்குக் கடையின் மேற்பார்வையாளர் ஒருவரின் பெயரையே கேலியாகக் குழுவுக்கு வைத்துக்கொண்டனர். அந்நாளில் பங்க் இசையினர் எல்லாரும் வேகமே உயிர் என்று ஓடிக்கொண்டிருந்தனர். ‘பிளாக் ஃபிளாக்’ என்னும் குழு 1984-இல் வெளியிட்ட இசைத்தட்டொன்றின் இரண்டாம் பக்கத்தை மட்டும் மிக மெதுவாக வாசித்தது. அதைக் கேட்ட மெல்வின்ஸ் அந்த மெதுவை இன்னும் மெதுவாக்கினர். 1987-இல் முதல் நெடுந்தட்டை வெளியிட்டனர். தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1988-இல் தோன்றிய ‘ஐஹேட்காட்’ குழு அதனோடு அந்நாட்டுக் கறுப்பர்களின் புளூஸ் இசையையும் பங்கின் ஓலத்தையும் கலந்தது. அந்தக் கலவைக்கே சேறு என்ற பெயர் நிலைத்தது. எம்மைப் போன்றோர் செம்பனை ஆலையின் பேரேட்டில் ‘ஸ்லட்ஜ்’ என்று எழுதுவது எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் கசடை. பழுப்பாய்க் கனத்து, சூடு ஆறாமல் குளத்துக்கு ஊர்ந்து செல்லும் அதைக் கண்டவருக்கு இவ்விசையின் பெயர்ப்பொருத்தம் விளக்க வேண்டுவதன்று.

மனமயக்க இசை என்பது 1960-களின் பிற்பகுதியில் சான்பிரான்சிஸ்கோவிலும் லண்டனிலும் பரவியது. எதிரொலியைத் துரத்திக்கொண்டு செல்லும் குரல், தலைகீழாய் ஓடவிட்ட ஒலிநாடா, முடிவின்றி நீளும் ஒரே சுரம் ஆகியவை அதன் உறுப்புகள். போதைமருந்தோடு அதற்கிருந்த உறவும் உலகறிந்தது. கள்ளுக்கடையை மூடப் பாடுபட்ட சீர்திருத்தக்காரரின் வழிவந்த நாம் மருந்தைப் புகழோம். ஆயினும் மயங்குவதற்கு மருந்து வேண்டியதில்லை, தோலும் குச்சியும் போதும் என்பதைத் தைப்பூசக் காவடியின் முன் நின்ற எவரும் அறிவர்.

சேற்றையும் மயக்கத்தையும் இணைத்துப் புகழ்பெற்ற குழுக்களுள் ‘கைலெசா’ ஒன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவான்னா நகரில் 2001-இல் தொடங்கியது. லாரா பிளசன்ட்ஸ் என்னும் பெண்மணியும் பிலிப் கோப் என்பவரும் கிதார் வாசித்து மாறி மாறிப் பாடினர். ஆண்களின் கோட்டை என்று பெயர் வாங்கிய இத்துறையில் ஒரு பெண்மணி முன்னணியில் நின்று கனத்த கிதாரை ஏந்தியதைச் சீர்திருத்த வாசகர் கவனிக்கத் தவறார். 2006-இல் வெளிவந்த இசைத்தட்டு முதல் அக்குழுவில் முரசம் முழக்குவோர் இருவர். ஒரே தாளத்தை இருவர் முழக்கினால் கனம் கூடும். ஒருவர் நிற்க மற்றவர் நடந்தால் கேட்பவர் தலை சுற்றும். இரண்டையும் அவர்கள் செய்தனர். 2009, 2010 ஆண்டுகளின் தட்டுகளில் கரடுமுரடு குறைந்து, எதிரொலியும் இராகமும் மேலோங்கின. 2015-இல் ஏழாம் தட்டை வெளியிட்டு, மறு ஆண்டில் ஓய்வு அறிவித்தனர்.

அக்குழுவின் பெயரில் நமக்கொரு செய்தி இருக்கிறது. பௌத்த நூல்களில் ‘கிலேசம்’ என்பது ஆசை, வெறுப்பு, மயக்கம் முதலாக உள்ளத்தை மாசுபடுத்தும் அழுக்குகளைக் குறிக்கும். அந்தப் பாலிச் சொல்லிலிருந்தே கைலெசா என்ற பெயர் பிறந்தது. தமிழிலும் மனக்கிலேசம் என்று இன்றும் சொல்கிறோம். 2005-இல் அவர்கள் வெளியிட்ட தட்டின் பெயருக்கு நடுவழியில் நடத்தல் என்று பொருள் சொல்லலாம். அதுவும் புத்தர் காட்டிய வழியின் பெயரை ஒத்திருக்கிறது. அமெரிக்கத் தென்னாட்டில் சேற்றிசை வாசித்தோர் தம் ஒலிக்கு இந்தியாவில் பெயர் தேடியபோது சாதி மறுத்த புத்தரின் சொல்லை எடுத்தனர். அவர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர்ச் சிங்கப்பூரில் கனத்த இசை தொடங்கிய நம்மவர் எடுத்த பெயர் வேதத்துத் தெய்வமாகிய ருத்திரனுடையது.

ருத்ரா தோன்றிய காலத்து நிலையைச் சிறிது சொல்லவேண்டும். தீபகற்பத்தில் தமிழர் மேனாட்டு இசை வாசிப்பது அன்று புதுமையன்று. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நடத்திய ‘அலிகேட்ஸ்’ குழு மலாய்ப் பாட்டுகளால் நாடெங்கும் புகழ் பெற்றிருந்தது. 1980-களில் மலாய் இளைஞரிடையே ‘ராக் காப்பாக்’, அதாவது கோடரி ராக், கொழுந்துவிட்டு எரிந்தது. 1992-இல் மலேசியத் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மத் நீள்முடி வைத்த ராக் பாடகர்களைத் தொலைக்காட்சிக்கு ஆகாதவர்கள் என்றார். ‘செர்ச்’ குழுவின் ஏமியும் ‘விங்ஸ்’ குழுவின் அவியும் முடியைக் கத்தரித்துக்கொள்ள நேர்ந்தது. 2006-இல் தேசிய ஃபத்வா மன்றம் ‘பிளாக் மெட்டல்’ என்னும் உட்பிரிவு இஸ்லாத்துக்கு ஒவ்வாதது என்று அறிவித்தது. ஆட்சியாளரும் மதவாதியரும் கனத்த ஒலியைக் கண்டு அஞ்சுவது எந்நாட்டிலும் காணும் காட்சியே.

ருத்ரா சேற்றிசைக் குழு அன்று. அதன் ஒலி ‘டெத் மெட்டல்’ என்னும் விரைந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் தாய் ஒன்றே. அதே இறங்கிய சுருதி, அதே கரகரப்பு, சொற்களை அடித்தொண்டையில் அரைத்து உமிழும் அதே உறுமல். கதிர் பாஸ் கிதார் வாசித்துப் பாடினார், சிவா முரசம், பாலா கிதார். இடையில் ஒருமுறை கலைந்து மீண்டும் கூடி, 1998-இல் குழுவின் பெயராலேயே முதல் தட்டை வெளியிட்டனர். 2001-இல் ‘தி ஆரியன் குருசேட்’, 2003-இல் ‘குருக்ஷேத்ரா’. தொடக்கத்தில் மேனாட்டுச் சரக்கின்மேல் சமஸ்கிருத மந்திரத்தைத் தூவியது போன்ற ஒலிதான் அது. மந்திரம் ஒருபுறம் நிற்கும், கிதார் மறுபுறம் ஓடும். தட்டுக்குத் தட்டு இரண்டும் நெருங்கின. இந்திய இராகங்களின் சுர அடுக்குகளைக் கிதாரில் ஓடவிட்டனர். இந்தியத் தோற்கருவிகளின் சொற்கட்டை முரசத்துக்கு மாற்றினர். மந்திரத்தின் ஓசையளவையே பாட்டின் நடையாக்கினர். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த ‘பிரம்மவித்யா’ என்னும் மூன்று தட்டுகளில் இம்முயற்சி முற்றியது. முதல் தட்டு உபநிடதங்களையும், இரண்டாவது பகவத்கீதையையும் தழுவியது. 2016-இல் வந்த தட்டின் பெயருக்குத் துவைதத்தின் பகைவன் என்பது பொருள். தம் இசைக்கு அவர்களே இட்ட பெயர் ‘வேத மெட்டல்’. பாட்டின் மொழி பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும்.

இசைத்திறத்தில் நமக்கு ஐயமில்லை. முப்பது ஆண்டுகள் வாணிக லாபம் இல்லாத துறையில், இடம் குறுகிய ஒரு தீவில் நின்று, அயல்நாட்டார் நாடிக் கேட்கும் ஒலியொன்றை உண்டாக்கியது எளிதன்று. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்து இசையறிஞர் யூஜீன் தைரியநாதன் 2009-இல் வேத மெட்டலையும் அத்தீவின் தென்னிந்தியரையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். நம் வழக்கு இசையைப் பற்றியதன்று. பொருளைப் பற்றியது.

சீர்திருத்த இயக்கம் மலாயாவில் வேரூன்றிய வரலாற்றை வாசகர் அறிவர். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். வேதத்தின் பெயரால் நம்மவரைத் தாழ்த்திய சாத்திரங்களைத் தோட்டந்தோறும் விளக்கிச் சொன்னவர்கள் அவர்கள். அதே சிங்கப்பூரில் இரு தலைமுறை கழித்துத் தமிழ் இளைஞர் ‘ஆரியப் போர்’ என்று பொருள்படும் பெயரோடு தட்டு வெளியிட்டால், பழைய சீர்திருத்தக்காரர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார் என்பதில் ஐயமென்ன? வேதாந்தியர் வழக்கில் ஆரியன் என்பதற்குச் சான்றோன் என்னும் பொருள் உண்டென்பது உண்மையே. சொல்லுக்கு அகராதி தரும் பொருள் ஒன்று. அச்சொல்லால் அடிபட்டவர் முதுகில் எழுதிய பொருள் வேறொன்று.

ஆயினும் வழக்கின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். கௌதம தருமசூத்திரம் என்னும் பழைய சட்டநூல், வேதம் ஓதுவதைக் காதால் கேட்ட சூத்திரன் செவியில் உருக்கிய உலோகத்தையும் அரக்கையும் வார்க்கச் சொல்கிறது. நம் மேடைகளில் பன்முறை எடுத்துக்காட்டப்பட்ட விதி அது. அந்த மந்திரங்களை எவரும் எவர்க்கும், பூணூலும் பாராது, பாடமுறையும் பாராது, மின்சாரக் கிதாரோடு, மாட்டிறைச்சி உண்போரும் மது அருந்துவோரும் நிறைந்த மேனாட்டு மண்டபத்தில் அடித்தொண்டையில் உறுமுகிறார்கள் என்றால், அவ்விதியை இதைவிட எவ்வாறு உடைப்பது? காதில் உருக்கி ஊற்றச் சொன்ன உலோகம் வேதத்தோடு சேர்ந்து காதில் பாய்கிறது. ருத்ரா குழுவினர் எந்தச் சாதியினர் என்பது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. அவர்கள் அத்தைரியத்தைச் சாதி எதிர்ப்பாகக் கருதிச் செய்தனர் என்றும் நாம் சொல்லோம். வேதாந்தத்தை மெய்யறிவாகவே கொண்டு பாடினர். செய்கையின் பயன் செய்தவர் எண்ணத்தைக் கடந்து செல்வதுண்டு.

நமக்குக் குறையாகத் தோன்றுவது பிறிதொன்று. கனத்த ஒலியைத் தேடிய தமிழ் இளைஞருக்கு அது பர்மிங்காமிலிருந்து வந்தது. பொருளைத் தேடியபோது அது கங்கைக் கரையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவே, தன் வீட்டு வாசலில் தொங்கிய தோற்கருவி கண்ணில் படவில்லை.

உறுமியை எடுத்துக்கொள்வோம். இருமுகக் கருவி, இடை சிறுத்தது. ஒரு முகத்தை நேர்குச்சியால் அடிப்பர். மறுமுகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பர். தேய்க்கும்போது எழுவது அடியோசை அன்று. இழுபட்ட ஒரு முனகல். அழுத்தத்துக்கு ஏற்ப அது தாழ்ந்தும் உயர்ந்தும் நெகிழும். தளர்ந்த நரம்பை வளைத்து அயோமி எழுப்பிய அந்த ஓலத்தை, மின்சாரம் வரும் முன்னரே தோலில் எழுப்பத் தெரிந்திருந்தனர் நம் முன்னோர். கைலெசா இரு முரசங்களைக் கொண்டு செய்த மயக்கத்தைப் பத்து உறுமிகளைக் கொண்டு மலாக்காவில் செங் சன்னாசிமலை மாசிமகத் திருவிழாவில் கேட்கலாம். கடந்த சில பத்தாண்டுகளில் மலேசியத் தமிழ் இளைஞர், ஒரே நிறச் சட்டை அணிந்து, ஊருக்கு ஊர் உறுமிமேளக் குழுக்களை அமைத்திருக்கின்றனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, தோட்டத்துப் பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய பின்னர் வளர்ந்தவை பல. போக்கிரிகளின் மேளம் என்று அவற்றைப் பழிப்பாரும் உளர். கோயில் நிருவாகத்தார் இதை வாசி, அதை வாசிக்காதே என்று விதி எழுதுகின்றனர். 1992-இல் முடியைக் கத்தரித்த கையும் இந்தக் கையும் ஒன்றே போலும்.

பறையின் கதை இதனினும் கசப்பானது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பத் தப்பு அடித்தனர். சாவுக்கும் தப்பு, வேலைக்கும் தப்பு. ஊரில் அதை அடிக்கும் கடமை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டது. ஆகவே சென்ற நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர் பலர், இழிவு நீங்க வேண்டுமானால் பறையைக் கீழே போடு என்றனர். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கட்டாயத்தின்பேரில் அடிக்கும் கருவி கலைஞனுடையது ஆகாது. மற்றொரு புறம், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டு, தெலுங்குக் கீர்த்தனங்களுக்கு நடுவே தமிழுக்கு மேடை கேட்டனர் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரும் அவரைச் சார்ந்தோரும். மிக வேண்டிய கிளர்ச்சியே. ஆயின் அதன் கவனம் பாட்டின் மொழியில் நின்றது. பறைக்கு அம்மேடையில் நாற்காலி போடவேண்டும் என்பது கிளர்ச்சியின் கோரிக்கையாகவில்லை. சீர்திருத்தக்காரர் கீழே போடச் சொன்னதை இசைக் கிளர்ச்சிக்காரர் எடுக்க நினைக்கவில்லை. தரையிலேயே கிடந்தது கருவி.

அதை எடுத்தவர்கள் பின்னர் வந்தனர். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடியபோது, பெண் தொடக் கூடாது என்ற விலக்கும், தொட்டால் இழிவு என்ற விலக்கும் ஒருங்கே உடைந்தன. மின்சாரக் கிதாரோடு பறை ஒரே மேடையில் நின்ற காட்சியொன்று 2018-இல் கிட்டியது. அவ்வாண்டு ஜனவரி 6-ஆம் நாள் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முதல் மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் கூட்டிய குழு அது. கானா பாடுவோர், பறை முழக்குவோர், ராப் சொல்வோர், கிதார் வாசிப்போர் எல்லாரும் சேர்ந்து பத்தொன்பது பேர். குழுவின் பெயர், சாதியற்ற தமிழர் என்று நூறாண்டுக்கு முன் முழங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் வழக்கிலிருந்து எடுத்தது. பண்டிதர் தமிழ்நாட்டில் பௌத்தத்தை மீட்டெடுத்தவர். சவான்னா நகரத்தார் பாலி அகராதியில் எடுத்த சரக்கு இவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் கிடைத்தது.

அக்குழுவின் ஒலி கனத்தது என்பதைவிடத் துள்ளுவது என்பதே பொருந்தும். அதில் கோபம் உண்டு, கேலி உண்டு; இறங்கிய சுருதியின் சேறு இல்லை. ருத்ராவிடம் கனம் இருக்கிறது, தமிழ் இல்லை. உறுமிக் குழுக்களிடம் தமிழும் மயக்கமும் இருக்கின்றன. சாமிப்பாட்டுக்கும் சினிமாப்பாட்டுக்கும் வெளியே தமக்கென்று ஒரு பொருள் தேடிய குழுக்கள் அரியன. மூன்றையும் ஒரு கூரையின்கீழ்க் கேட்க நமக்கு ஆசை. கிதார் வாசிக்கும் இளைஞரும் உறுமி தேய்க்கும் இளைஞரும் நம் பேட்டைகளில் ஒரே அடுக்குமாடியில்தான் வசிக்கின்றனர்.

இணைப்பதில் உள்ள தொழில்நுட்பச் சிக்கலையும் மறைக்க வேண்டுவதில்லை. கிதார்க்காரர் நரம்பைத் தளர்த்திச் சுருதியை இறக்குகிறார். பறைக்காரரோ வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சிச் சுருதியை ஏற்றுகிறார். மலாக்காக் கடற்கரையின் ஈரக் காற்றில் காய்ச்சிய தோல் அரைமணி நேரத்தில் தொய்ந்துவிடும். கிதாரின் ஒலிபெருக்கிக்கு எதிரே உறுமியை நிறுத்தினால், அடிக்காத போதும் தோல் தானே அதிர்ந்து முனகும். ஒலிவாங்கி அம்முனகலைப் பிடித்துப் பெருக்க, அது சுழன்று சுழன்று ஊளையாகும். மேனாட்டு ஒலிப்பொறியாளர் இதைக் குற்றம் என்று தடுக்கப் பார்ப்பர். சேற்றிசைக்காரர் இதற்காகவே ஒலிபெருக்கியின் முன் போய் நிற்கின்றனர்.